நாலு பக்கக் கேள்வித்தாள்

அன்று காலையில் நான் என் மூக்குக் கண்ணாடியின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம். எழுந்து பார்த்தால் நாற்காலியில் ஒரு சில்லு இரண்டாகவும், இன்னொரு சில்லு எண்ண முடியாதபடியும் கிடந்தன. மணி எட்டரை. ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவுக்கு இரண்டாவது பீரியடில் சயன்ஸ் டெஸ்ட். அதற்கான கேள்வித்தாளை நான் இன்னும் டைப் அடிக்கவே ஆரம்பிக்கவில்லை.

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்த கதையைப் போன வாரம் சொன்னேன். பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். ‘தானே’ புயல் பலா மரங்களையும் முந்திரிக் காடுகளையும் படுக்கப் போட்டுவிட்டுப் போய் இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். நான் அங்கே டெம்பரவரி. அந்த ஊரில் ஒருவரைப் பார்த்ததும் முதலில் கேட்பது பெயர் அல்ல, ‘பர்மனெண்ட்டா, கான்ட்ராக்டா?’ என்பதுதான். டெம்பரவரி என்றால் அந்த இரண்டுக்கும் கீழே.

கேள்வியை எழுதிக் கொடுத்தது சயன்ஸ் டீச்சர் இசக்கியம்மாள். திருநெல்வேலிக்காரர். அவர் கையெழுத்தைக் கண்ணாடியோடு படிப்பதே பெரும்பாடு. கண்ணாடி இல்லாமல் தாளை மூக்கின் மேல் ஒட்டிக்கொண்டு படித்துவிட்டேன். ஆனால் அடித்தது கம்ப்யூட்டரில் சரியாக வந்திருக்கிறதா என்று தெரிய வேண்டுமே?

எழுத்தைப் பெரிதாக்கினேன். போதவில்லை. இன்னும் பெரிதாக்கினேன். வரிக்கும் வரிக்கும் நடுவே இன்னொரு வரி நுழைகிற அளவுக்கு இடம் விட்டேன். கேள்விக்கும் கேள்விக்கும் நடுவே ஒரு ஆளே படுக்கலாம். அடித்து முடித்ததும் எல்லாவற்றையும் பழையபடி சின்னதாக்கிவிடலாம் என்பது திட்டம்.

“மல்லிகா, ஆச்சா?” ஜன்னலில் இசக்கி டீச்சர்.

பெல் அடித்தது. நான் பதறிப்போய் பிரிண்டைத் தட்டிவிட்டேன்.

ஒரு பக்கத்தில் அடங்க வேண்டிய கேள்வித்தாள் நாலு பக்கமாக வந்தது. நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்கு. ஸ்டேப்ளர் பின் பாதியிலேயே தீர்ந்துபோக, மிச்சத்தை நோட்டுக் கட்டும் நூலால் கட்டினேன்.

“என்னட்டி இது, கல்யாணப் பத்திரிகை கணக்கா இருக்கு?” என்றார் டீச்சர். ஆனால் வேறு வழியில்லை. மார்போடு அணைத்து எடுத்துக்கொண்டு ஓடினார்.

ஒன்பது ‘பி’யிலிருந்து எழுந்த சிரிப்புச் சத்தம் ஆபீஸ் வரைக்கும் கேட்டது.

எச்.எம். கூப்பிட்டு அனுப்பினார். அவருக்குக் கோயம்புத்தூர்ப் பக்கம். திட்டினாலும் மரியாதை குறையாது, அதனால் இரண்டு மடங்கு வலிக்கும்.

“ஏனுங் மல்லிகா, இது சயன்ஸ் டெஸ்டுங்களா, சினிமா போஸ்டருங்களா?”

“மன்னிச்சிடுங்க மேடம். கண்ணாடி ஒடஞ்சிடுச்சி.”

“ஒரு வாரத்துப் பேப்பரை ஒரு பீரியட்ல முடிச்சுப் போட்டீங்களே!”

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணாடி இல்லாததால் தரையும் சரியாகத் தெரியவில்லை.

இருபத்தைந்துக்குப் பதினேழு

இரண்டு நாள் கழித்து இசக்கி டீச்சர் ஆபீஸுக்குள் புயல் மாதிரி வந்தார். கையில் ஒரு விடைத்தாள்.

“மல்லிகா, இதப் பாரு. நம்ம வெண்ணிலா! பதினேழு!”

வெண்ணிலாவை யாருக்கும் தெரியாமல் இருக்காது. கடைசி பெஞ்ச். வடக்குத்து கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். அப்பா மைன்ஸில் கான்ட்ராக்ட், அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கிறவர். வகுப்பில் கேள்வி கேட்டால் முதலில் குரல் வருவது இவளிடமிருந்துதான். டெஸ்ட் என்று தாளைக் கொடுத்தால் மூன்று, நான்கு, மிஞ்சிப்போனால் ஐந்து. வாயில் இருப்பது கைக்கு வருவதற்குள் எங்கோ தொலைந்துவிடும்.

அவளைப் பற்றி ஒரு முடிவு ஏற்கெனவே எடுத்தாயிற்று. பத்தாம் வகுப்பு ரிசல்ட் கெட்டுப்போகக் கூடாது என்பதற்காக, வருஷக் கடைசியில் டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவது. வெளியே வேறு பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்வார்கள் என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள். வேறு பள்ளிக்கூடம் எல்லாம் பார்க்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நான் பண்ருட்டிக்காரி. டி.சி. வாங்கிய பெண்பிள்ளைகள் எத்தனை பேர் மறுநாளே கொட்டை உடைக்க உட்கார்ந்தார்கள் என்பதைப் பார்த்து வளர்ந்தவள்.

பதினேழைப் பார்த்ததும் எச்.எம். ஒரே வார்த்தையில் தீர்த்துவிட்டார்.

“காப்பி.”

மறுநாள் வெண்ணிலாவின் அம்மா செல்வி வந்தார். வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். முந்திரி எண்ணெய் பட்டுக் கறுத்த விரல்களைப் புடவைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டு, நாற்காலியில் உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார். பக்கத்தில் வெண்ணிலா, அழுதழுது மூக்கு சிவந்து.

“உங்க பொண்ணு காப்பி அடிச்சிருக்குதுங்,” என்றார் எச்.எம்.

செல்வி மகளை ஒருமுறை பார்த்தார். பிறகு எச்.எம்.மைப் பார்த்தார்.

“காப்பி அடிக்கணும்னாலும் பக்கத்து புள்ள எழுதனத படிக்கணுமேங்க. இதுக்குப் படிக்கவே வரலன்னுதான மூணு வருசமா நீங்களே சொல்லிகினு இருக்கறீங்க?”

இசக்கி டீச்சர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. நான் மேஜைக்கு அடியில் எதையோ தேடுகிறவள் போலக் குனிந்து, அங்கேயே சிரித்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

எச்.எம். கண்ணைக் கொட்டினார். “அப்புறம் எப்படிங் எழுதுச்சு?”

வெண்ணிலா மூக்கை உறிஞ்சினாள். “இந்தப் பேப்பர்ல எழுத்துக்கெல்லாம் எடம் இருந்துச்சி மேடம்.”

“என்ன எடம்?”

“எப்பவும் குடுக்கற பேப்பரு ஷிப்ட் முடிஞ்சி வர்ற பஸ் மாதிரி மேடம். எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கும். எந்த வரியில இருக்கறன்னு தெரியாது. இதுல எல்லாரும் சீட்ல ஒக்காந்துகினு இருந்தாங்க.”

கம்பெனி பஸ்ஸில் ஷிப்ட் விடும் நேரத்தில் ஒரு தடவையாவது தொங்கிய எவருக்கும் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். எனக்கு மட்டும் தலை கிறுகிறுத்தது. கண்ணாடியின் மேல் உட்கார்ந்தது நான். பெரிய எழுத்து எனக்காக வைத்தது. அது போய் இவளுக்கு வேலை செய்திருக்கிறது!

“இன்னொரு டெஸ்ட் வைப்போம் மேடம்,” என்றார் இசக்கி டீச்சர். “அதே பாடம். வேற கேள்வி. ஒங்க ரூம் வாசல்லயே ஒக்காத்தி வைங்க. மல்லிகா மறுபடி பெரிசா அடிச்சுத் தரட்டும்.”

நடுவில் என் வீட்டுக்காரர்

இங்கே ஒரு சின்ன விஷயம் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

மிச்சமான பெரிய எழுத்துத் தாள்களைக் கணக்கு எழுதவும் காய்கறி நறுக்கவும் ஆகுமென்று குவார்ட்டர்ஸுக்கு எடுத்துவந்திருந்தேன். என் வீட்டுக்காரர் தெர்மல் பவர் ஸ்டேஷனில் வேலை பார்த்தார். முதல் ஷிப்ட் முடிந்து வந்தவர், டீ குடித்துக்கொண்டே ஒரு தாளைக் கையில் எடுத்தார்.

“அமிலத்தின் சுவை யாது?” என்று சத்தமாகப் படித்தார். “கசப்பு!”

“புளிப்பு,” என்றேன் அடுப்படியிலிருந்து.

“எலுமிச்சம்பழத்தில் உள்ள அமிலம் எது? எலுமிச்ச அமிலம்!”

நாலு பக்கத்தையும் படித்து, நாலு பக்கத்துக்கும் தப்பாகப் பதில் சொல்லிவிட்டு, “எனக்கு எத்தினி மார்க்கு போடுவாங்க?” என்று கேட்டார். நான் சிரித்துச் சிரித்துக் கரண்டியைக் கீழே போட்டேன்.

கரண்டியை எடுக்கக் குனிந்தபோதுதான் உறைத்தது. கல்யாணமாகிப் பதினாறு வருஷம். பேங்க் சலானிலிருந்து கம்பெனி சர்க்குலர் வரைக்கும் “நீயே படிச்சிச் சொல்லிடு” என்பார். சோம்பேறித்தனம் என்று நான் எத்தனை தடவை சண்டை போட்டிருக்கிறேன். இந்த மனிதர் ஒரே மூச்சில் நாலு பக்கம் படித்து நான் பார்த்ததே இல்லை.

இன்னொரு டம்ளர் டீ போட்டுக் கொடுத்தேன். ஏன் என்று அவருக்குப் புரியவில்லை. குடித்துவிட்டார்.

பூப்போட்ட பார்டர்

இனி என் பெருமையும் அதற்குக் கிடைத்த உதையும்.

புதுக் கண்ணாடி வந்துவிட்டது. இந்த முறை நான் சும்மா டைப்பிஸ்ட் இல்லை, ஒரு பெண்ணின் தலையெழுத்தை மாற்றப் போகிறவள்! அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். எழுத்து பெரிதாக இருந்ததற்கே பதினேழு என்றால், அழகாகவும் இருந்தால் இருபத்தைந்தே வாங்கிவிடுவாளே?

நாலு பக்கமும் மல்லிகைப்பூ பார்டர் போட்டேன். தலைப்புக்கு வளைந்து நெளிந்த எழுத்து. ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஒரு படம்: சோதனைக்குழாய், குடுவை, எலுமிச்சம்பழம். கேள்வி எண்களை நட்சத்திரத்துக்குள் வைத்தேன். முக்கியமான வார்த்தைகளுக்குப் பின்னால் சாம்பல் நிறம் பூசினேன். எல்லா வார்த்தையும் முக்கியமாகத்தான் பட்டது.

இசக்கி டீச்சரிடம்கூடக் காட்டவில்லை. ஆச்சரியமாக இருக்கட்டும் என்று கவரில் போட்டு ஒட்டிவிட்டேன்.

எச்.எம். அறை வாசலில் மேஜை போட்டு வெண்ணிலா உட்கார்ந்தாள். தாளைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. நான் ஆபீஸ் கதவிடுக்கில் நின்று பூரித்தேன்.

மூன்று மார்க்.

“பாத்தீங்களா,” என்றார் எச்.எம். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நான் வெண்ணிலாவைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் பிடித்தேன். “என்னா வெண்ணிலா, என்னா ஆச்சி?”

“பூவு ரொம்ப நல்லா இருந்துச்சிக்கா.” அவள் என்னைச் சமாதானப்படுத்தினாள்! “எங்க ஆரம்பிக்கறதுன்னுதான் தெரியல. ஒரு வரி படிச்சா எலுமிச்சம்பழம் கண்ணுல படுது. மறுபடி வந்தா அந்த வரியக் காணோம்.”

பஸ்ஸில் இருந்த கூட்டத்தையெல்லாம் இறக்கி உட்கார வைத்த புண்ணியவதி நானே, அதே பஸ்ஸில் பூக்கூடைக்காரி, பழக்கூடைக்காரி எல்லாரையும் ஏற்றிவிட்டிருந்தேன்.

டெம்பரவரிக்காரி எச்.எம். அறைக்குத் தானாகப் போவது தற்கொலைக்குச் சமம். போனேன்.

“மேடம், அந்த மூணு மார்க்கு வெண்ணிலாவோடது இல்ல, என்னோடது. டீச்சருக்கும் தெரியாம நான்தான் பூவெல்லாம் போட்டுக் கெடுத்துட்டேன்.”

அவர் தாளை எடுத்துப் பார்த்தார். நட்சத்திரம், குடுவை, மல்லிகைப்பூ. வெகுநேரம் பார்த்தார்.

“எலுமிச்சம்பழத்துக்கு எல எதுக்குங் போட்டீங்க?”

“அழகுக்கு மேடம்.”

“இன்னொரு தடவ. கடைசித் தடவ. போங்.”

பின்வருவனவற்றுள்

இந்த முறை எங்களுக்குப் புத்தி வந்திருந்தது. எது சரி என்று நாங்கள் இரண்டு பேர் உட்கார்ந்து யோசிப்பதற்குப் பதில், அவளையே கேட்டோம்.

ஒரு வாரம் மதியச் சாப்பாட்டு வேளையில் வெண்ணிலா என் மேஜைக்கு எதிரே, சாப்பாட்டு டப்பாவோடு. எச்.எம்.முக்கே அதிகாரி மாதிரி உத்தரவு போட்டாள். இந்த எழுத்து குண்டு, வேண்டாம். இது சரி. இடம் இன்னும் கொஞ்சம். ‘பொருத்துக’ பகுதியில் பாதி இந்தப் பக்கம், பாதி அடுத்த பக்கம் போகவே கூடாது. படம் கேள்விக்குத் தேவை என்றால் மட்டும்.

“பூ?” என்றேன் மெல்ல.

“வேணாங்க்கா.”

எழுத்தெல்லாம் சரியான பிறகும் ஒரு இடத்தில் மட்டும் நின்றுகொண்டே இருந்தாள். முதல் டெஸ்டிலும் அங்கேதான் மார்க் போயிருந்தது.

“படிட்டி,” என்றார் இசக்கி டீச்சர்.

“பின்... வரு... பின்வரு... வன... பின்வனரு...” நிறுத்தி மூச்சு வாங்கினாள். “டீச்சர், இது முடியறதுக்குள்ள ஆரம்பத்துல என்னா இருந்துச்சின்னு மறந்துபோவுது.”

டீச்சர் தாளை வாங்கிப் பார்த்தார். ‘பின்வருவனவற்றுள் பொருந்தாத ஒன்றினைத் தேர்ந்தெடுத்து அதற்கான காரணத்தினைக் குறிப்பிடுக.’

“ஏட்டி, வினிகர், எலுமிச்ச சாறு, சோப்புத் தண்ணி, மோர். இதுல எது சேராது?”

“சோப்புத் தண்ணி. அது காரம், மிச்சமெல்லாம் அமிலம்.” மோர் சாதத்தை மென்றுகொண்டே சொன்னாள். இரண்டு விநாடிகூட ஆகவில்லை.

இசக்கி டீச்சர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “இத்தன வருசமா நான் சயன்ஸ்லயா பரிட்ச வச்சேன்? ‘பின்வருவனவற்றுள்’ளதான் வச்சிருக்கேன்!”

சிவப்புப் பேனாவை எடுத்து ஒரே கோடு. மேலே எழுதினார்: ‘எது சேராது? ஏன்?’

அதன் பிறகு எங்களுக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. பழைய கேள்வித்தாள் கட்டுகளை இறக்கி வைத்துக்கொண்டு வெட்டித் தள்ளினோம். ‘எடுத்துக்காட்டுடன் விவரி’ என்று ஒட்டிக்கொண்டிருந்ததை இரண்டு கேள்வியாகப் பிரித்தோம். ‘யாதென வினவின்’ என்று ஒன்று கிடைத்தது. மூன்று பேரும் அதைப் பார்த்துவிட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தோம். ஒரு கேள்வியும் எளிதாகவில்லை. கேட்கிற விதம்தான் மாறியது. கேள்விகளை டீச்சர் முதலில் ஒருமுறை வாசித்துக்காட்டுவது, கால் மணி நேரம் கூடுதலாகக் கொடுப்பது, சயன்ஸ் விடையில் ‘ர’ போய் ‘ற’ வந்தால் மார்க்கை வெட்டாமல் திருத்தி மட்டும் விடுவது என்றும் டீச்சர் எழுதிவைத்தார்.

மூன்றாவது டெஸ்டில் பதினெட்டு. பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தவர் எச்.எம்.

“சரிங். ஆனா ஒரு புள்ளைக்கு மட்டும் தனியா சுலபமான பேப்பர் குடுத்தா மத்த பேரண்ட்ஸ் கேக்க மாட்டாங்களா?”

“சுலபம்னு யாரு மேடம் சொன்னா?” இசக்கி டீச்சர் பழைய தாள் ஒன்றை நீட்டினார். “இந்த ஆறாங் கேள்விக்கு நீங்க பதில் சொல்லுங்க.”

எச்.எம். படித்தார். ‘கீழ்க்காணும் கூற்றுகளுள் தவறானதல்லாத ஒன்றினைத் தேர்ந்தெடுத்து எழுதுக.’ அவர் கெமிஸ்ட்ரி படித்தவர். தன்னம்பிக்கையோடு விரலை வைத்தார்.

“இது.”

“அது தப்பான கூற்று மேடம். நான் கேட்டது சரியானத.”

“தவறானது அல்லாத... அப்படின்னா...” எச்.எம். மறுபடி படித்தார். இன்னொரு முறை. அப்புறம் ஒரு சத்தம் வந்தது. அந்த அறையில் அதுவரை யாரும் கேட்டிராத சத்தம். சிரிக்கிறார் என்று எங்களுக்குப் புரியவே சற்று நேரமாயிற்று.

“எல்லா புள்ளைகளுக்கும் இப்படியே குடுத்துருங்,” என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “பேப்பர் செலவுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்.”

மே மாதத்து வெயிலில்

சயன்ஸோடு நிற்கவில்லை. கணக்கு, சமூக அறிவியல், இங்கிலீஷ் என்று ஒவ்வொரு டீச்சராக என் மேஜைக்கு வந்தார்கள். கடைசியாகத் தமிழம்மா வந்தார். ‘பின்வருவனவற்றுள்’ளை விட்டுக்கொடுக்க அவருக்கு மனமே இல்லை. கண்கலங்க விட்டுக்கொடுத்தார். ஒன்பது ‘பி’யில் எப்போதும் பாதியில் பேனாவை வைத்துவிடுகிற இன்னும் நாலைந்து பிள்ளைகள், கடைசிக் கேள்வி வரைக்கும் எழுத ஆரம்பித்தார்கள்.

முழு ஆண்டுத் தேர்வு முடிந்தது. ரிசல்ட் ஒட்டும் நாள் வந்தது.

ஒன்பது ‘பி’யிலிருந்து பத்தாம் வகுப்புக்குப் போகிறவர்களின் பட்டியலை எச்.எம். என்னிடம் கொடுக்கவில்லை. தானே எழுதி, தானே பூட்டி வைத்து, தானே பலகையில் ஒட்டினார். எனக்கும் இசக்கி டீச்சருக்கும்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் போய் எட்டிப் பார்ப்பதற்குள் பலகையைச் சுற்றிக் கூட்டம்.

கூட்டத்தின் நடுவில் செல்வி. முன்னால் வெண்ணிலா.

யாரோ ஒரு அப்பா, “நகரும்மா, ஒம் பேர நான் பாத்துச் சொல்றேன்,” என்று கையை நீட்டினார்.

“வேணாங்க. நானே படிக்கறேன்.”

அவள் வலது கை விரலைப் பட்டியலின் முதல் பெயரில் வைத்தாள். கீழிருந்து பார்த்தால் தன் பெயர் சீக்கிரம் வந்துவிடும் என்பது அவளுக்குத் தோன்றவில்லையோ, அல்லது வேண்டாம் என்று நினைத்தாளோ.

“அ... அருள்... மொழி.”

“ஏய், நான்தான்!” கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு கூச்சல்.

“ஆர்த்தி.”

“ஹே!”

“மெதுவா ஆவட்டும், படிக்கட்டும்,” என்றார் கை நீட்டிய அப்பா. அவர் பையன் பெயர் மூன்றாவதாக வந்திருந்தது.

வெயில் மண்டையைப் பிளந்தது. யாரும் நகரவில்லை. அவள் ஒவ்வொரு பெயராக விரலை இறக்கினாள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு ஆரவாரம். ‘பிரியதர்ஷினி’யில் சிக்கிக்கொண்டாள். பிரியதர்ஷினியே வாயைத் திறக்கப் போனாள், அவள் அம்மா வாயைப் பொத்தினார். “தர்... ஷி... னி!” கைதட்டல்.

சத்தம் கேட்டு எச்.எம். வெளியே வந்தார். விரட்டப் போகிறார் என்று நினைத்தேன். வராண்டாத் தூணில் சாய்ந்து நின்றுகொண்டார்.

முப்பத்தைந்து. முப்பத்தாறு. இசக்கி டீச்சர் என் கையைப் பிடித்திருந்தார். வலித்தது. முப்பத்தேழில் வெண்ணிலாவின் விரல் நின்றது. ஒரு எழுத்தும் வரவில்லை. அவள் உதட்டை நனைத்துக்கொண்டாள்.

“வெ... வெண்... வெண்ணிலா.”

மெதுவாக, தன் பெயரா என்று சந்தேகம் வந்தவள் மாதிரி, இன்னொரு தடவை சொன்னாள். “வெண்ணிலா. யம்மா, வெண்ணிலான்னு போட்டிருக்கு!”

நாற்பது வீட்டுப் பிள்ளைகளும் பெற்றவர்களும் சேர்ந்து கத்திய சத்தத்தில் வாசலில் இருந்த வாட்ச்மேன் என்னவோ ஏதோவென்று ஓடிவந்தார். இசக்கி டீச்சர் என்னைக் கட்டிக்கொண்டு குதித்தார். புதுக் கண்ணாடி கோணலாகிப்போனது. செல்வி மட்டும் அசையவில்லை. கறுத்த விரல்களை ஒளிக்காமல் இரண்டு கன்னத்திலும் வைத்துக்கொண்டு, பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னொரு வாட்டி படிடி,” என்றார்.

வெண்ணிலா சரியென்று தலையாட்டினாள். விரலைத் தூக்கினாள். நேராக மேலே கொண்டுபோய் முதல் வரியில் வைத்தாள்.

“அ... அருள்மொழி.”